மேடையா, வகுப்பு மேசையா: பள்ளிகளுக்கு வேதியியல் டெமோ கொண்டுபோக எந்த வழி?

பல்கலைக்கழக வேதியியல் மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய் டெமோ செய்து காட்டலாம் என்று முடிவு செய்கிறார்கள். முதல் கூட்டத்தில் பேச்சு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். திரவ நைட்ரஜன், யானைப் பற்பசை, வெடிக்கும் ஹைட்ரஜன் பலூன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். "சரி, எத்தனை பிள்ளைகள் முன்னால் செய்யப் போறோம்?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். எந்த வடிவத்தில் போகிறோம் என்பது முடிவானால், எந்தச் சோதனை என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். வழக்கமாக நாலு வழிகள் இருக்கின்றன. முழுப் பள்ளியையும் உட்காரவைத்து அரங்கில் ஷோ நடத்தலாம். ஒரு வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளையே செய்யவைக்கலாம். பிள்ளைகளைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அழைத்து வரலாம். ஆசிரியருக்குப் பழக்கிக்கொடுத்து, பொருள்களைப் பெட்டியில் போட்டு விட்டுவிட்டு வரலாம். என் சாய்வை மறைக்கப் போவதில்லை. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு வகுப்பறைதான் சரி. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு; அதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

மேடை

மேடையின் பலம் எண்ணிக்கை. எட்டுத் தன்னார்வலர்கள், ஒரு மணி நேரம், முந்நூறு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியருக்கு இதைவிட வசதி வேறில்லை. எல்லா வகுப்பும் ஒரே பாடவேளையில் பார்த்துவிடும், "எங்களை மட்டும் விட்டுட்டாங்க" என்ற குறையும் வராது. துறைத் தலைவருக்கு எழுதும் அறிக்கையிலும் முந்நூறு என்ற எண் எடுப்பாகத் தெரியும். அரங்கில் எழும் கூச்சலும் பொய்யில்லை. வேதியியல் மேல் முதல் ஆசை அந்தக் கூச்சலில் ஒரு பிள்ளைக்கு வந்தாலும் வரலாம்.

சிக்கல் பத்தாவது வரிசையில் தொடங்குகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சோதனைக்குழாயில் படியும் வீழ்படிவு தெரியாது. சொட்டு விழும் நொடியில் நிறம் மாறுவதும் தெரியாது. அதனால் மேடை எல்லாவற்றையும் பெரிதாகக் கேட்கிறது. பெரிதாக வேண்டுமென்றால் அளவு கூட வேண்டும், அல்லது செறிவு கூட வேண்டும்.

யானைப் பற்பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைகிறது. வினையூக்கி அதை வேகப்படுத்துகிறது, கூடவே இருக்கும் சோப்பு அந்த ஆக்சிஜனை நுரையாகப் பிடித்துக்கொள்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலுக்கு '10 வால்யூம்' என்று பெயர். ஒரு லிட்டர் கரைசலிலிருந்து ஏறக்குறைய 10 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று அர்த்தம். வினையூக்கியாக ஈஸ்ட்டைப் போட்டால் நுரை பாட்டில் வாயில் மெதுவாகப் பொங்கி வழியும். மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்கு அது போதும், பத்தாவது வரிசைக்குப் போதாது. உடனே குழுவில் யாராவது ஒருவர் ஆய்வகத்தின் 30 சதவீதப் பாட்டிலை நினைத்துக்கொள்வார். அது 100 வால்யூம். பொட்டாசியம் அயோடைடைப் போட்டதும் ஆவி பறக்க நுரை எகிறும். அதே திரவம் தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துபோகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மருந்துக்கடைப் பாட்டிலிலிருந்து ஆய்வகப் பாட்டிலுக்குத் தாவவைத்தது வேதியியல் இல்லை, பார்வையாளருக்கும் மேசைக்கும் இடையே இருந்த தூரம்தான்.

தீயிலும் இதே கதைதான். உலோக உப்புகளை மெத்தனாலில் கரைத்துப் பற்றவைத்து வண்ண வண்ணச் சுடர் காட்டும் டெமோ நெடுங்காலம் எல்லாருக்கும் பிடித்த ஒன்றாக இருந்தது. மெத்தனால் சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அதன் சுடர் வெளிச்சமான அறையில் கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால், தீ பாட்டிலுக்குள் ஏறி வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அது பாய்வது முன்வரிசைப் பிள்ளைகள் பக்கம். இப்படி அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு, 2014இல் அமெரிக்காவின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் கல்வி டெமோக்களில் மெத்தனால் பயன்படுத்துவது பற்றித் தனியாக எச்சரிக்கை வெளியிட்டது. அமெரிக்க வேதியியல் சங்கமும் திறந்த மேசையில் இந்த டெமோவை நிறுத்தச் சொன்னது. உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைச் சிறு சுடரில் காட்டினாலே லித்தியத்துக்குச் சிவப்பும் செம்புக்குப் பச்சையும் பளிச்சென்று வரும். ஆனால் அதை அருகில் நின்று பார்க்க வேண்டும். மறுபடியும் தூரம்.

திரவ நைட்ரஜனைப் பற்றி ஒரு வார்த்தை. மைனஸ் 196 டிகிரி என்பதால் கை உறைந்துபோகும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 700 லிட்டர் அளவுக்கு வாயுவாகும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கண்ணாடி ஏற்றிய காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுபோனால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும், அது நடப்பது யாருக்கும் தெரியாது. மூடியை இறுக்கினால் கலனே வெடிக்கும். இதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆசிரியரோ ஆய்வக அலுவலரோ கூடவே வந்தால் பார்க்கலாம். மாணவர்கள் மட்டும் போவதென்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஆபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், மேடையில் பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வி நிற்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பு டெமோக்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. டெமோவைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவைத்துவிட்டுக் காட்டியபோது புரிதல் கூடியது. அதற்கு ஆன கூடுதல் நேரம் ஓரிரு நிமிடம்தான். பல்கலைக்கழக மாணவர்களுக்கே இந்தக் கதி என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரங்கின் பின்வரிசையிலிருந்து வேதிச்சமநிலையைப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மேடையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825இல் தொடங்கின. மைக்கேல் ஃபாரடே அங்கே 1860இல் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். ஆறு சொற்பொழிவுக்கு ஒரு மெழுகுவர்த்தி! நம் ஆட்கள் ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு டெமோவைத் திணிக்கிறார்கள்.

மேடைதான் என்று முடிவானால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு வையுங்கள். இதற்கு அயோடின் கடிகாரத்தைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. 1886இல் வேதியியலாளர் ஹான்ஸ் லாண்டோல்ட் கண்டுபிடித்தது. அவருடைய மூல ரசாயனங்களுக்குப் பதிலாக வைட்டமின் சி, டிங்சர் அயோடின், 3 சதவீதப் பெராக்சைடு, ஸ்டார்ச் ஆகியவற்றை வைத்தே செய்துவிடலாம். தண்ணீர்போல் இருக்கும் இரண்டு கரைசல்களைக் கலக்கிறீர்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரே நொடியில் முழுப் பாத்திரமும் கருநீலமாகிவிடும். வெந்நீரில் செய்தால் சீக்கிரம் மாறுமா, தாமதமாகுமா என்று அரங்கைக் கேட்டுவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலந்து காட்டுங்கள். முந்நூறு பேரும் வாய்விட்டு எண்ணுவார்கள். கடைசி வரிசைக்கும் தெரியும், ஆனால் எரிவதோ வெடிப்பதோ எதுவும் இல்லை. சட்டையில் கறை படியும், அவ்வளவுதான். முடிந்ததும் இன்னும் கொஞ்சம் வைட்டமின் சி போட்டால் கருநீலம் மறைந்துவிடும். அது அடுத்த கேள்விக்கான விதை.

வகுப்பறை

நாற்பது பிள்ளைகள், ஐந்து ஐந்து பேராக எட்டு மேசை, மேசைக்கு ஒரு தன்னார்வலர். வகுப்பறையின் மொத்தப் பலமும் இந்தக் கணக்கில் இருக்கிறது. மேடைக்குத் தேவைப்பட்ட அதே எட்டுப் பேர்தான், அதே ஒரு மணி நேரம்தான். ஆனால் இங்கே எந்தப் பிள்ளையும் பொருளிலிருந்து கையெட்டும் தூரத்துக்கு மேல் தள்ளி இல்லை. பத்தாவது வரிசை என்ற ஒன்றே கிடையாது. அதனால் செறிவான எதையும் கொண்டுபோக வேண்டிய அவசியமும் வருவதில்லை.

ஊதா முட்டைகோஸ் சாறு எல்லாருக்கும் தெரிந்த பழைய சோதனைதான். குழுக் கூட்டத்தில் யாராவது "அதெல்லாம் சின்னப் பசங்க விஷயம்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மேசையில் வைத்துப் பாருங்கள். வினிகரில் விட்டால் இளஞ்சிவப்பு, சமையல் சோடாக் கரைசலில் நீலம், சலவைச் சோடாவில் பச்சை. இதுவரைக்கும் பிள்ளைகள் நீங்கள் சொன்னபடி செய்வார்கள். பிறகு ஒரு பிள்ளை உங்களைக் கேட்காமலே பச்சைக் கோப்பைக்குள் வினிகரைச் சொட்டும். பச்சை நீலமாகும், நீலம் ஊதாவாகும், நடுவில் சோடா நுரைத்துப் பொங்கும். "திரும்பப் பச்சையாக்க முடியுமா?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பான். அந்த நொடியில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால், அடுத்த கால் மணி நேரம் அந்த மேசையே பாடம் நடத்திக்கொள்ளும். எத்தனை சொட்டுக்கு நிறம் மாறுகிறது என்று யாராவது எண்ண ஆரம்பித்துவிட்டால், அளந்து சொட்டவிட்டுச் செறிவைக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) அதன் பெயர் தெரியாமலே தொட்டுவிட்டார்கள்.

"ஏன் மாறுது?" என்ற கேள்வியும் வரும். ஆந்தோசயனின் என்ற நிறமி, அமிலத்தில் புரோட்டானை ஏற்றுக்கொள்கிறது, காரத்தில் இழக்கிறது. மூலக்கூறின் அமைப்பு மாறுவதால் அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி இரண்டே வாக்கியத்தில் சொல்ல முயன்று பாருங்கள். இறுதியாண்டு மாணவருக்கே வியர்க்கும். தன்னார்வலர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி பல்கலைக்கழகத்துக்குள் கிடைக்காது என்பது என் கருத்து. மேடையில் எழுதிவைத்ததைப் பேசிவிட்டு இறங்கிவிடலாம். மேசையில் அது நடக்காது.

மெழுகுவர்த்தியும் இங்கே மறுபிறவி எடுக்கும். சுடரை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும். தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், அதற்கு இரண்டு விரற்கடை மேலே அந்தக் கோட்டில் மட்டும் காட்டுங்கள். தீ புகை வழியாகக் கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவிதான் என்று பாடப்புத்தகம் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், இதைப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். தீக்குச்சி தன்னார்வலர் கையில்தான் இருக்க வேண்டும், மேசைக்கு ஒரு மெழுகுவர்த்திதான். நீளமான தலைமுடியை முதலிலேயே கட்டச் சொல்லிவிடுங்கள்.

வடிதாளில் கறுப்புப் பேனா மையைப் பிரிப்பதும் கைவசம் இருக்கட்டும். பேனாவைப் பொறுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரியும். சிலது பிரியாமல் அப்படியே நிற்கும். பிரியாததையும் ஒன்றிரண்டு கலந்து வைத்தால் பேச்சு சூடு பிடிக்கும்.

இதன் விலை என்ன? நேரம். மேடையில் ஒரே நாளில் முடிந்த முந்நூறு பேருக்கு வகுப்பறை வழியில் எட்டு முறை போக வேண்டும். தேர்வு, புராஜெக்ட், விடுமுறை என்று கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு பருவத்தில் எட்டு நாள் கிடைப்பது கஷ்டம். இன்னொன்று, தரம் மேசைக்கு மேசை மாறும். பேச்சு வராத தன்னார்வலர் இருக்கும் மேசை அரை மணி நேரத்தில் தூங்கிவிடும். எல்லாவற்றையும் தானே செய்து காட்டிவிடும் தன்னார்வலர் அதைவிட மோசம். துடுக்கான ஒரு பிள்ளை சொட்டுக்குழாயைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தராது. அதற்கு ஒரே மருந்து, ஆளுக்கு ஒரு சொட்டுக்குழாய்.

மேசையில் எதை வைக்கலாம் என்பதற்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொட்டினால் தண்ணீரில் கழுவினால் போதும் என்கிற பொருள் மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகட்டும். சோடியம் ஹைட்ராக்சைடு இந்த அளவுகோலில் தேறாது. அதனால் அது சேரும், குலுக்கினால் நீலமாகி வைத்தால் வெளுக்கும் நீலக் குடுவைச் சோதனையைத் தன்னார்வலர்தான் செய்ய வேண்டும். சலவைச் சோடாகூடக் கண்ணில் பட்டால் எரியும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடியை எல்லாருக்கும் மாட்டிவிடுங்கள். சமையலறைப் பொருள்தானே என்று யாரும் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. இதைத் தொடங்கும்போதே சொல்ல வேண்டும், நடுவில் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

மீதி இரண்டு

ஆய்வகத்துக்கு அழைத்து வருவது பார்க்க அழகான ஏற்பாடு. புகை உறிஞ்சும் அறை இருக்கிறது, கண் கழுவும் குழாய் இருக்கிறது, பள்ளியில் பார்க்கவே முடியாத கருவிகள் இருக்கின்றன. ஆனால் பேருந்து, பெற்றோர் ஒப்புதல், துறை அனுமதி, காப்பீடு என்று பாதி வேலை வேதியியலுக்கு வெளியே போய்விடும். வரக்கூடிய பள்ளிகளும் பெரும்பாலும் ஏற்கெனவே நல்ல ஆய்வகம் உள்ள பள்ளிகளாகவே இருக்கும். மேல்நிலை வகுப்பில் இருபது பேர், ஆண்டுக்கு ஒருமுறை என்றால் சரி. குழுவின் முக்கிய வேலையாக இதை வைத்துக்கொள்ள முடியாது.

பெட்டி விட்டுவிட்டு வருவது கணக்கில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். ஓர் ஆசிரியருக்கு நாலு சோதனை நன்றாகப் பழகிவிட்டால், நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும் வருடா வருடம் அவை நடந்துகொண்டிருக்கும். நடைமுறையில் பல பெட்டிகள் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். வடிதாள் தீர்ந்துபோகும், சொட்டுக்குழாய் தொலையும், பெராக்சைடு பழசாகி வலுவிழக்கும். ஆசிரியருக்கும் பாடத்தை முடிக்கும் அவசரம் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டி உயிரோடு இருக்க வேண்டுமென்றால், உங்கள் வகுப்பு நடக்கும்போது ஆசிரியரும் ஒரு மேசையில் உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். தீரும் பொருள்களை அடுத்த முறை யார் நிரப்புவது என்பதும் முன்பே பேசியிருக்க வேண்டும். ஆகவே பெட்டியை முதல் முறையே கொடுக்காதீர்கள், இரண்டாவது முறை கொடுங்கள்.

வீடியோ எடுத்து அனுப்பினால் என்ன என்று எப்போதும் ஒருவர் கேட்பார். வீடியோ உலகத்தில் நிறையவே இருக்கிறது. நேரில் போக நீங்கள் இருக்கிறீர்கள் என்பதுதான் உங்களிடம் உள்ள அபூர்வமான பொருள்.

முடிவு எடுக்கும்போது

உண்மையில் எத்தனை பேர் வருவார்கள் என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப் பேரை எழுதிக்கொள்வது நல்லது. நாலு பேர்தான் தேறுவார்கள் என்றால் வகுப்பைப் பாதியாகப் பிரித்து இரண்டு பாடவேளை கேளுங்கள். மேசைக்கு ஐந்து பேர் என்ற கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாலுக்கும் குறைவு என்றால், இந்தப் பருவத்தில் யாரையாவது சேர்ப்பதுதான் வேலை.

பள்ளி நிர்வாகம் முழுப் பள்ளிக்கும்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் சண்டை போட வேண்டியதில்லை. காலைக் கூட்டத்தில் கால் மணி நேரம் அயோடின் கடிகாரமும் நீலக் குடுவையும் காட்டிவிட்டு, பிறகு ஒரு வகுப்புக்குள் போய்விடுங்கள். எந்த வகுப்பு என்பதைப் பள்ளியே சொல்லட்டும். அமில காரப் பாடம் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. முழு மேடை ஷோவுக்கு நான் சம்மதிக்கும் ஒரே நிலை, அந்த டெமோக்களைப் பல ஆண்டு செய்து பழகிய ஆசிரியர் ஒருவர் ஆபத்து மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூடவே வருவது. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புவது கணக்கில் வராது.

பள்ளிக்கு முதலில் பேசும்போது தேதியோடு இன்னும் சிலதையும் கேட்டுவிடுங்கள். அறைக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? ஜன்னல் திறக்குமா? மெழுகுவர்த்தி ஏற்றினால் புகை அலாரம் அடிக்குமா? ஆஸ்துமா, லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா? வகுப்பு ஆசிரியர் முழு நேரமும் அறையிலேயே இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு "இருக்க மாட்டார்" என்று பதில் வந்தால் வேறு நாள் கேளுங்கள். அறிமுகமில்லாத இளைஞர்கள் கையில் ஒரு வகுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவது பிள்ளைகளுக்கும் சரியில்லை, உங்களுக்கும் சரியில்லை. போட்டோ எடுப்பதற்கும் பள்ளியின் அனுமதி தனியாக வேண்டும்.

கரைசல்களை முந்தின நாளே தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் பெயரும் செறிவும் எழுதி ஒட்டி எடுத்துப் போங்கள். பள்ளியில் போய் அளந்து கலப்பது வேண்டாம். மிஞ்சியதை அங்கே தொட்டியில் கொட்டாமல் திரும்பக் கொண்டுவர மூடியுள்ள வாளி ஒன்று போதும். கிளம்பும் முன் ஆசிரியரிடம் அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு அட்டவணை வந்த பிறகு கேட்டால் பள்ளியிலும் நாள் இருக்காது, உங்களிடமும் ஆள் இருக்காது.